ஊர்வலத்தண்ணன் ஓட்டிய லைட்டு ரவுண்டு

திண்டுக்கல்லில் ஓடிய கார்களிலேயே, சாலையில் போகிற அத்தனை பேரிடமும் தோற்ற ஒரே கார் ஊர்வலத்தண்ணனுடையதுதான் என்று அடித்துச் சொல்வேன். சைக்கிளிடம் தோற்றது. தள்ளுவண்டியிடம் தோற்றது. பள்ளிக்கூடம் விட்டு, குச்சி ஐஸ் சப்பிக்கொண்டே நடந்த பிள்ளைகளிடம் தோற்றது. ஒருமுறை நாகல் நகர்ப் பக்கம் ஒரு சவ ஊர்வலம் அவர் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, சங்கு ஊதுகிறவர் முன்னால் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணே, செத்த ஒதுங்குனீகன்னா நாங்க முந்திப் போயிக்கிருவோம்."

"போங்கப்பா, உங்களுக்குத்தான் அவசரம்" என்று ஓரமாக நின்று வழிவிட்டாராம்.

அவர் என்ன செய்வார், பாவம். தொழில் அப்படி. எங்கள் ஊரில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் முன்னால் பேண்டு வாத்தியம், இரண்டு பக்கமும் தலையில் டியூப்லைட் சுமந்து வருகிறவர்கள், நடுவே பூ அலங்காரத்தோடு கார். அந்தக் கார் ஆள் நடக்கிற வேகத்தில் போக வேண்டும், நின்றும் விடக்கூடாது. மற்ற வண்டிகள் பாதி வழியில் சூடேறிப் புகைய ஆரம்பிக்கும். மாப்பிள்ளை கோட்டோடு இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். ஊர்வலத்தண்ணனின் வெள்ளை அம்பாசிடர் மட்டும் அசையாது. அதாவது, அசையும், அசைவது தெரியாது. இப்படியே வருடக்கணக்கில் ஓட்டி ஓட்டி, அவருடைய வலது காலுக்கு வேறு வேகம் மறந்துபோய்விட்டது. சொந்தப் பெயர் ஊருக்கு மறந்துபோய்விட்டது. போன் செய்தால் அவர் வீட்டுக்காரம்மாவே "ஊர்வலம் இன்னும் வீடு வரலைங்க" என்றுதான் சொல்வார்.

"அண்ணே, மூணாவது கியர் போட்டா என்னண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது புதுசா இருக்கு. இருக்கட்டும்" என்றார்.

கல்யாணம் இல்லாத சவாரியிலும் பழக்கம் போகாது. பின்சீட்டில் எந்த ஆண்பிள்ளை உட்கார்ந்தாலும் அவருக்கு அது மாப்பிள்ளைதான். "நடுவுல உக்காருங்க. சனம் பாக்குதுல்ல, கையக் காட்டுங்க" என்பார். அவர் சொன்னாரே என்று சாணார்பட்டி வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே போன இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவரை, வரப்போகிற தேர்தலில் நிற்கிறாரா என்று வழி நெடுக விசாரித்திருக்கிறார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு டிசம்பர் மாதம் எமன். மார்கழியில் இந்துக்கள் வீட்டில் கல்யாணம் கிடையாது. கிறிஸ்மஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் கிறிஸ்தவர்களான எங்கள் கோயிலிலும் கல்யாணம் கிடையாது. கார் சும்மா நிற்கும். கார் சும்மா நின்றால் அண்ணனுக்குக் கை கால் ஓடாது. அதனால் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். அதுதான் லைட்டு ரவுண்டு. மேட்டுப்பட்டியில் ஆரம்பித்து, கோயில் தெரு, மணிக்கூண்டு என்று வீடு வீடாகத் தொங்குகிற ஸ்டார், வாசலில் வைத்த கிறிஸ்மஸ் குடில், சீரியல் பல்பு எல்லாவற்றையும் காட்டிக் கூட்டி வருவார். சின்னப் பிள்ளை இருக்கிற வீடுகளில் அவருக்கு ஏகக் கிராக்கி.

"நடந்து போனா புள்ள தூக்கச் சொல்லும். டவுன் பஸ்ல போனா லைட்டு ஓடிப் போயிரும். நம்ம கார்ல வந்தா ஒவ்வொரு பல்பாப் பாக்கலாம்" என்பது அவருடைய விளம்பரம். பொய் சொல்லக்கூடாது, அந்த வேகத்தில் பல்பைத் துடைத்துக்கூட வைக்கலாம்.

ஒரே ஒரு சட்டம் உண்டு. குட்டிப் பிள்ளைகள் முன்சீட்டில், பின்னால் பார்த்துத்தான் உட்கார வேண்டும். எத்தனையோ கல்யாணங்களில் அவர் பார்த்திருக்கிறாராம்: முன்சீட்டில் ஏறுகிற வாண்டுகள் எல்லாம் சொல்லி வைத்த மாதிரி முட்டி போட்டுத் திரும்பி, மாப்பிள்ளையைத்தான் பார்க்குமாம். ஒன்றுகூட ரோட்டைப் பார்த்ததில்லையாம். "முன்னாடி பாக்குறது என் வேல. அது எதுக்குப் புள்ளைக்கு?"

இந்தச் சட்டம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்ற கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நான் அப்போது கம்ப்யூட்டர் படிப்பில் இரண்டாம் வருடம். கையில் கிடைத்ததை எல்லாம் படித்து, கேட்காதவர்களுக்கும் விளக்குகிற பருவம். என் அக்கா வீட்டுக்காரர் அருள் அத்தான் சவூதியில் ஒரு வீட்டில் டிரைவர். மகள் ஜெனி பிறப்பதற்கு முன்பே போனவர், அவளுக்கு ஒன்றரை வயது தாண்டிய பிறகு அந்தக் கிறிஸ்மஸுக்குத்தான் முதல் லீவில் வந்தார். ஜெனிக்கு அப்பா என்றால் டெலிபோன். மணி அடித்தால் "அப்பா" என்று ஓடிப்போய் ரிசீவருக்கு முத்தம் கொடுப்பாள். யார் பேசினாலும் அப்பாதான். கேஸ் ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டவர்கூட ஒருமுறை அப்பாவாகி, அக்கா மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்டவள் முன்னால், மீசையும் செண்டு வாசனையுமாக ஒரு முழு ஆள் வந்து நின்று "நாந்தான் அப்பா" என்றால் நம்புவாளா? வீடு அதிர வீறிட்டாள்.

அத்தான் அவளுக்காக ஒரு நாற்காலி கொண்டு வந்திருந்தார். காரில் பிள்ளையை உட்கார வைத்து வார் போட்டுக் கட்டுகிற மெத்தை நாற்காலி. "அங்க கார்ல புள்ளைங்கள இதுலதான் வைப்பாக. பாக்கும்போதெல்லாம் நம்ம புள்ள ஞாபகந்தான்" என்றார். எங்களிடம் கார் இல்லை என்பது ஒரு சின்ன விஷயம். ஜெனிக்கு நாற்காலி ரொம்பப் பிடித்துவிட்டது. அதில் உட்கார்ந்துதான் இட்லி சாப்பிட்டாள், அதிலேயே தூங்கினாள். கொண்டு வந்தவரைத்தான் பிடிக்கவில்லை. அவர் கூடத்துக்கு வந்தால் அழுகை. அத்தான் மீசையை எடுத்தார். இன்னும் அதிகமாக அழுதாள். பாவம், சொந்த வீட்டில் திருடன் மாதிரி கொல்லைப்புறமாக வந்து, அடுப்படியிலேயே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

"புது வருஷம் பொறந்தா கெளம்பணும்" என்றார் ஒருநாள் என்னிடம், தட்டைப் பார்த்துக்கொண்டே. "மறுபடி வாரதுக்குள்ள அவ பள்ளிக்கூடத்துக்கே போயிருவா. ஒருக்கா எங்கிட்ட வந்துட்டாப் போதும், நா தைரியமாப் போயிருவேன்."

எனக்கு வந்ததே வேகம். லைட்டு ரவுண்டுக்கு ஏற்பாடு செய்தேன். நாற்காலியோடு வந்த புத்தகத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். அதில் இரண்டு படம். சின்னக் குழந்தை பின்னால் பார்த்து. எடை கூடிய குழந்தை முன்னால் பார்த்து. ஜெனியைத் தூக்கிக்கொண்டு அரிசிக் கடைத் தராசுக்கு ஓடினேன். முள் சரியாக இரண்டு படத்திலும் போட்டிருந்த எடைக்கு நடுவில் போய் நின்றது.

"புள்ள ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதும்மா, தோராயமா வச்சுக்க" என்றார் கடைக்காரர்.

சாயங்காலம் வாசலில் பஞ்சாயத்து. அத்தான், "லைட்டப் பாக்கப் போறோம். முன்னாடி பாத்து வச்சாத்தான புள்ளைக்குத் தெரியும்" என்றார். நான், "சந்தேகமா இருந்தா பின்னாடி பாத்துத்தான் வைக்கணும்னு புக்குல போட்டுருக்கு அத்தான். திடீர்னு பிரேக் போட்டா கழுத்துக்கு நல்லது" என்று பக்கத்தை விரித்துக் காட்டினேன்.

ஊர்வலத்தண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. "திடீர் பிரேக்கா? என் வண்டியிலயா? புக்கு வேற காருக்குப் போட்டதும்மா. பின்னாடி பாத்துத்தான் வைக்கணும், அது சரி. காரணம் அது இல்ல. புள்ள மாப்ளயப் பாக்கணும்."

என் கட்சிக்கு ஆள் கிடைத்தும் எனக்கு மகிழ்ச்சியில்லை. முன்சீட்டில் பெல்ட் கிடையாது. அக்காவின் சின்னாளப்பட்டிச் சேலை ஒன்றைக் கொண்டு வந்து, நாற்காலியை சீட்டோடு சேர்த்து முன்னும் பின்னும் சுற்றி அண்ணனே கட்டினார். ஜெனி அதில் கொலுவாக உட்கார்ந்தாள். முதுகு ரோட்டுக்கு, முகம் எங்களுக்கு. பின்சீட்டில் ஓரத்தில் அக்கா, மறு ஓரத்தில் நான். நடுவில் வேறு யார்? "மாப்ள நடுவுல."

கார் கிளம்பியது, கிளம்பியதை மேட்டுப்பட்டியில் ஒரு வாழைமரம் மெல்ல நகர்ந்ததை வைத்துத் தெரிந்துகொண்டோம். ஜெனி நிமிர்ந்தாள். எதிரே, ஒரு கை தூரத்தில், ஓட வழியில்லாமல் அத்தான். ஆரம்பித்தாள் பாருங்கள் ஒரு அழுகை. ஸ்டார் கட்டிய வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து, லைட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அக்கா கிலுகிலுப்பை ஆட்டினாள். நான் ஆடு, மாடு, காகம் எல்லாமாகக் கத்திப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"நா எறங்கிக்கிறேன்" என்றார் அத்தான். "அவளாவது சந்தோசமாப் பாத்துட்டு வரட்டும்."

"ஊர்வலம் கெளம்புன பெறகு மாப்ள எறங்கக் கூடாது" என்றார் அண்ணன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "எறங்கி நடந்தா ஊர்ல என்னைய என்ன சொல்லுவாக."

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அத்தான் என்னைத் தாண்டிக் கதவைத் திறந்து, ஓடுகிற காரிலிருந்து இறங்கி, கதவையும் சாத்திவிட்டுப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார். காரை முந்திவிடாமல் இருக்கத்தான் அவர் சிரமப்பட்டார்.

"நடக்குறதுதான் நடக்குறீக, பக்கத்துல நடக்காதீக. புள்ளைக்கு லைட்டு மறைக்கும். பின்னாடி நேரா வாங்க" என்று அண்ணன் கத்தினார்.

அத்தான் பின்னால் போனார். கோயில் தெருவுக்குள் நுழைந்தோம். அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் நடுவே, தலைக்கு மேல் சீரியல் பல்பு பந்தல். சிவப்பு எரிந்து அணையும், பச்சை எரிந்து அணையும். ஜெனிக்கு எதிரே இப்போது நடு சீட்டு காலி. அதற்குப் பின்னால் காரின் அகலமான பின்கண்ணாடி. கண்ணாடியில் சிவப்பாக அத்தான். அணைந்தது, ஆளைக் காணோம். பச்சையாக அத்தான். மறுபடி காணோம்.

அழுகை பாதியில் நின்றது. ஜெனி கழுத்தை நீட்டினாள். சிவப்பு. "ஈ" என்று ஒரு சத்தம். இருட்டு. பச்சை. கெக்கெக்கே என்று சிரிப்பு. அத்தான் கவனித்துவிட்டார். அடுத்த முறை எரிந்தபோது கன்னத்தை உப்பி வைத்திருந்தார். அடுத்தமுறை நாக்கு. அதற்கடுத்து இரண்டு கையும் காதில் யானை மாதிரி. தெருவே சிரித்தது. அக்கா என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தாள்.

தெரு முடிந்தது. அதற்கப்புறம் கொஞ்ச தூரம் மரங்கள்தான், விளக்கே இல்லை. கண்ணாடி கறுத்துப்போனது. ஜெனி பார்த்தாள். இன்னும் பார்த்தாள். உதடு பிதுங்கியது. மறுபடி அதே அழுகை.

"போச்சு, ஆரம்பிச்சுட்டா" என்றேன்.

அக்காதான் முதலில் கண்டுகொண்டாள். ஜெனியின் கை வாரைத் தாண்டி, அந்த இருட்டுக் கண்ணாடியை நோக்கி நீண்டுகொண்டிருந்தது. அக்கா ஜன்னலில் தலையை நீட்டினாள். "ஏங்க, ஏறுங்க. ஒங்களத்தான் தேடுறா."

அத்தான் ஓடி வந்து ஏறினார். மூச்சு வாங்க நடுவில் உட்கார்ந்து, பயந்து பயந்து ஒரு விரலை நீட்டினார். ஜெனி அதைப் பிடித்துக்கொண்டாள். அழுகை நின்றது. பிறகு மணிக்கூண்டு வந்தது, எத்தனையோ லைட்டு வந்தது. அவர்கள் இருவரும் ஒன்றையும் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் இறங்கியபோது ஜெனி அத்தானின் தோளில் தூங்கிப்போயிருந்தாள். மூன்று பேரும் உள்ளே போனார்கள். நான் சேலை முடிச்சை அவிழ்க்க நின்றேன்.

"என்னம்மா நடந்துச்சு? அழுக, சிரிப்பு, மறுபடி அழுக. ஒண்ணும் வெளங்கல" என்றார் ஊர்வலத்தண்ணன்.

"பாக்கலையாண்ணே? கண்ணாடி இருக்குல்ல?"

அவர் தலைக்கு மேலே காட்டினார். பின்புறம் பார்க்கிற கண்ணாடி கூரையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. "பின்னாடி பொண்ணு மாப்ள ஆயிரம் பேசிக்கிட்டு வருவாக. நாம பாக்கக் கூடாது. தொழில் ஆரம்பிச்சன்னைக்குத் திருப்புனது."

காரில் சாய்ந்து நின்று, சிவப்பிலிருந்து விரல் வரைக்கும் கையைக் காலை ஆட்டி நடித்தே காட்டினேன். முடிந்ததும் அண்ணன் ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"அந்த இருட்டுல கைய நீட்டுச்சுன்னியே, அத மட்டும் இன்னொருக்கா சொல்லு" என்றார்.

சொன்னேன். இன்றைக்கும் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும், அவரிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டும் மெதுவாகத்தான் போகிறேன்.