சோப்பு வெட்டியவள்

“பொட்டி வரையறதுக்கு ஒரு படிப்பா? இதுல இவ பாஸானா நான் மீசைய எடுத்துடறேன்” என்றார் தாய்மாமா. பிளஸ் ஒன் தொழிற்பிரிவு, இன்ஜினியரிங் டிராயிங், அரையாண்டில் பதினொரு மார்க். அதைப் படிக்கத் தெரியாத அப்பா, மாமா சொன்னதற்குத் தலையாட்டினார்: அடுத்த தேர்விலும் பெயிலானால் படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடை வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மாமாவின் மீசையை எடுத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

திருவண்ணாமலையிலேயே அழுக்கானவர்கள் எங்கள் விடுதிப் பெண்கள்தான். காரணம் ஒரே ஒருத்தி. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த என் வகுப்புத் தோழி. அவள் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவள் ‘சோப்பு’. யாருடைய குளியல் சோப்பு கண்ணில் பட்டாலும் பிளேடால் வெட்டிப் படிக்கட்டாக்குவாள், ஆப்பாக்குவாள். பிறகு அதை மூலையிலிருந்து பார்த்தால் மூன்று பக்கமும் தெரிகிற மாதிரி ஐசோமெட்ரிக்கில் வரைவாள். குளிக்கப் போனால் நம் கையில் ஏதோ இயந்திரத்தின் பாகம் இருக்கும். முதுகு தேய்த்தால் கீறும்.

ஒருநாள் வார்டனின் சந்தன சோப்பு, நடுவில் பள்ளத்தோடு கிடைத்தது.

“இன்னாடி இது?”

“பள்ளம் கரெக்டா நாப்பத்தஞ்சு டிகிரி மேடம். மூலைலருந்து பாருங்க, சூப்பரா தெரியும்.”

மூன்று நாள் கழிவறை கழுவச் சொன்னார்கள். பினாயில் வாசனையோடு திரும்பி வந்தவள், “அந்தத் தண்ணித் தொட்டி இருக்கே, வரையறதுக்கு அவ்ளோ அழகுடி” என்றாள்.

என் பதினொரு மார்க் தாளைப் பார்த்ததும்தான் அவளுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது.

“சாய்வ ஏன்டி ஸ்கேல் வெச்சு அளந்த?”

“அஞ்சு சென்டிமீட்டர்னு போட்டிருந்துச்சே!”

“இந்தப் படத்துல வெட்டுன சாய்வோட நீளம் பொய் சொல்லும்டி. முப்பது டிகிரி கோட்டையும் நேரா நிக்கற கோட்டையும் மட்டும் நம்பு.” அம்மா வாங்கித் தந்த என் புது சோப்பை எடுத்தாள். “இதான் பொட்டி. மொதல்ல முழுசா வரை. அப்புறம் இந்த ஓரத்துல ஒரு புள்ளி, அந்த ஓரத்துல ஒரு புள்ளி. ரெண்டையும் சேரு. அளக்காத, சேரு.”

சொல்லிவிட்டு மூலையை வெட்டினாள். இருபது நாள், இருபது வெட்டு. கடைசியில் துணி சோப்பில் குளித்தேன்.

தேர்வுக்கு முந்தின ஞாயிறு மாமா பெரிய பையோடு வந்தார். “வீணா எழுதிப் பேரக் கெடுத்துக்காத. துணிமணிய எடுத்து வை.”

சோப்பு குறுக்கே வந்தாள். புத்தம்புது சோப்பு ஒன்றை நீட்டினாள். யாருடையதோ, தெரியவில்லை. “மாமா, ஆட்டாம புடிச்சு மூலைலருந்து பாருங்க. எத்தன பக்கம் தெரியுது?”

“ஆறு.”

“தெரியறத மட்டும் சொல்லுங்க.”

மாமா ஒரு கண்ணை மூடினார். மூச்சை அடக்கினார். “மூணுதாம்மா.”

“மீதி மூணும் இருக்கு மாமா” என்றேன் நான். “உங்களுக்குத் தெரியல, அவ்ளோதான்.”

பெரிய பை காலியாகவே திரும்பிப் போனது.

எண்பத்திரண்டு மார்க். மாமா மீசையை எடுக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் நான் அதையே பார்க்கிறேன். அவர் கையால் மூடிக்கொள்கிறார்.

பிளஸ் டூ முடிந்து சோப்பு வேலூர்ப் பக்கம் படிக்கப் போய்விட்டாள். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்து நேற்று அதன் விடுதிக்கு வந்தேன். இரண்டு சோப்பு வாங்கியிருக்கிறேன். ஒன்று குளிக்க. இன்னொன்றில் ஒரு மூலையை வெட்டியாகிவிட்டது.