மூன்று லைனுக்கு ஒரு தீவு

பட்டாளம் இல்லாமல் ஒரு போரை நிறுத்திய மனிதர் உலகத்திலேயே எங்கள் பெல்காரர் ஒருவர்தான். சுரங்கம் மூடும்வரை ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜுக்கு மணி அடித்தவர். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் அவர் வீட்டம்மாவே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

எங்கள் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் மழை பிடித்தால், மேல், நடு, கீழ் என்று மூன்று லைன் வீடுகளுக்கு நடுவே உள்ள மைதானம் குளமாகிவிடும். நடுவில் ஒரு மண்மேடும் வேப்பமரமும் மட்டும் மிஞ்சும். லைனுக்கு ஒருவராக மூன்று பேர் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் அங்கே பெல்காரரோடு ரம்மி ஆடுவார்கள். மேல் லைன் சார்பில் என் அப்பா. பெல்காரருக்கு அந்த ஆட்டம்தான் உயிர்.

போன மழையில் நடு லைன்காரர்கள் மேட்டில் தங்கள் பெயர் எழுதி சிமெண்ட் பெஞ்சு போடப்போவதாகச் சொன்னார்கள். அவ்வளவுதான், பேச்சுவார்த்தை முறிந்தது, ரம்மியும் நின்றது.

"எங்க லைன் மாடு அங்கதான் சாணி போடுது. இதுக்கு மேல இன்னா பட்டா வேணும்?" என்றது கீழ் லைன்.

"எங்க வாசல்ல நின்னா நேரா தெரியுது பா," என்றார் அப்பா.

"நிலாகூடத்தான் நேரா தெரியுது. அதுவும் உங்க லைனா?" என்றார் பெல்காரர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று லைன் பெரிசுகளும் கிழிந்த லுங்கியைக் கம்பில் கொடியாகக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். வேடிக்கை பார்க்க நானும் போனேன். மேட்டில் ஒரே தள்ளுமுள்ளு. ஒருவர் கை இன்னொருவர் சட்டையைப் பிடித்த நேரம் பார்த்து, முன்பே வந்து வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டைக் கம்பியால் அடித்தார் பெல்காரர். கேஜில் ஆள் ஏறும் மணி.

முப்பது வருஷம் அந்த மணிக்குப் பழகிய கால்கள். சட்டையை விட்டுவிட்டு, கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அத்தனை பேரும் ஒற்றை வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் என் அப்பா. அவர் தோளைப் பிடித்தபடி கீழ் லைன்காரர்.

"கேஜில ஏறும்போது எந்த லைனுன்னு கேட்டாங்களா மேன்?" என்றார் பெல்காரர்.

அப்பாதான் முதலில் சிரித்தார். பிறகு வரிசை மொத்தமும் குலுங்கியது.

பெல்காரர் சட்டைப்பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார்.

"சீக்கிரம் உக்காருங்கபா. மூணு வாரமா நானே நாலு கையும் ஆடி, நானே தோத்துனு இருக்கேன்."

இனிமேல் ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு ரம்மி ஆடத் தெரியாது.