இடக்கொச்சிக்குப் போன வள்ளம்

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
9-4-1966

அன்புத் தங்கை ஹாஜராவுக்கு அண்ணன் மொய்து ஸலாம் சொல்லி எழுதுவது. ஆண்டவன் கிருபையால் மழைக்கு முன்பே ஓடு மாற்றிவிட்டோம் என்ற அளவில் இங்கு அனைவரும் சுகம். பாலக்காட்டில் உங்கள் சுகத்துக்கும் துஆ செய்கிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூட லீவுக்கு உன் பெண்கள் இருவரும் இங்கே வர வேண்டும், 1957-ல் நாம் போனதுபோல வள்ளத்தில் போக வேண்டும் என்று அடம்பிடிப்பதாக எழுதியிருக்கிறாய். நீ அவர்களிடம் என்ன கதை சொல்லி வைத்திருக்கிறாயோ தெரியாது. நீயும் அந்த வள்ளத்தில் இருந்தவள்தான். ஆனாலும் திரைக்கு உள்ளே இருந்தாய். வெளியே நடந்தது எனக்குத்தான் தெரியும். இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டு.

அம்மா நாற்பது வருஷம் இந்தத் தெருவில் இருந்தும் கடலைப் பார்த்ததில்லை, ஒரு தடவை கூட்டிப்போ என்று நீதான் கேட்டாய். சரி என்றேன். காய்ச்சல் என்று சொல்லி மிளகுக் கிடங்கில் லீவு வாங்கினேன். வறீத் சேட்டனின் வள்ளத்தைப் பேசி, நாலு மூங்கில் நட்டு, யார் கண்ணும் படாதபடி சுற்றிலும் படுக்கை விரிப்புகளைக் கட்டினேன். மேல் முனை, கீழ் முனை எல்லாம் மிளகு மூட்டைக்குப் போடும் முடிச்சு. உள்ளே அம்மா, நீ, என் வீட்டுக்காரி, உன் மச்சி நசீபா, ஒரு தூக்குவாளி சாயா. வடக்கே கோட்டைக் கொச்சிக் கடற்கரைக்குப் போக வேண்டிய வள்ளம், படகு ஜெட்டியை விட்டு நூறு கஜம்கூடப் போகவில்லை, வடமேற்கிலிருந்து காற்று வந்து விரிப்பில் விழுந்தது. விரிப்பு பாய்மரப் பாயாகிவிட்டது. வள்ளம் தெற்கே திரும்பி ஓடத் தொடங்கியது.

"மொய்துக்கா, அந்தத் துணியை இறக்கணும் கேட்டோ. வள்ளம் ஞான் சொன்னா கேக்கல" என்றார் வறீத் சேட்டன்.

முழுக்க இறக்க எனக்கு மனம் வரவில்லை. கீழ் முனையை மட்டும் அவிழ்க்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தேன்.

"அவிழலைங்க. முடிச்சு இறுகிப் போச்சு" என்றாள் நசீபா.

என் முடிச்சு அப்படி. உள்ளே ஒரே சிரிப்பாகக் கேட்டது. என்ன சத்தம் என்றேன். அம்மாவுக்கு விக்கல் என்றாய் நீ.

தோப்பும்படிப் பாலத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். கல்யாணப் பார்ட்டியா என்று ஒருவன் கேட்டான். "அறியில்ல" என்று கையை விரித்தார் சேட்டன். அந்தக் கூட்டத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எங்கள் கிடங்கு மேனேஜர் விஸ்வேஸ்வரன் நின்றார். வேறு வழி தெரியாமல் ஸலாம் போட்டேன். அவரும் கையை உயர்த்தினார். வேலை போயிற்று என்று நினைத்தபோது பாலமே பின்னால் போய்விட்டது. (திங்கட்கிழமை, "காய்ச்சல் தேவலையா? நல்ல வேகமாப் போயிண்டிருந்தேளே" என்றதோடு விட்டுவிட்டார். நல்ல மனுஷர்.)

இடக்கொச்சிச் சேற்றில் வள்ளம் தட்டி நின்றது. கரையில் இறால் காயவைத்துக்கொண்டிருந்த அம்மிணி சேச்சி, இறங்கி வரச் சொல்லிக் கையை நீட்டினாள். நீங்கள் மூன்று பேரும் முழங்கால் தண்ணீரில் இறங்கினீர்கள். அம்மா அங்கேயே நின்றுவிட்டார். "மொய்தூ, தண்ணி குளிரும்னு சொன்னியே, வெதுவெதுன்னு இருக்குடா" என்றார். அம்மிணி வீட்டில் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். அந்தக் கப்பையின் ருசி இதுவரை வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

திரும்பும்போது திரை கட்டக் கூடாது என்று சேட்டன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காற்று அடங்கிக் காயல் முழுக்கச் சிவந்து கிடந்தது. நான் கோபத்தில் உங்களுக்கு முதுகு காட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா மவுத்தாகி மூன்று வருஷம் ஆகிறது. அன்றைக்கு ஒரு தடவை திரும்பி அந்த முகத்தைப் பார்த்திருக்கலாம்.

ஆகையால் உன் பெண்களை வள்ளத்தில் ஏற்ற என்னால் ஆகாது. வந்தால் பஸ்ஸில் கூட்டிப்போய்க் கரையில் நிறுத்தி, கடலைக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பேன். மாப்பிள்ளைக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் ஆண்டவன் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் மொய்து

பின்குறிப்பு: உறையில் போடுமுன் நசீபாவுக்கு வாசித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். கீழ் முடிச்செல்லாம் ஜெட்டியிலேயே அவிழ்ந்துவிட்டதாம். நீங்கள் மூன்று பேரும்தான் முனைகளை விடாமல் இழுத்துப் பிடித்திருந்தீர்களாம். "அம்மாதாங்க, விடாதீங்கடி, இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும்னாங்க" என்கிறாள். ஒன்பது வருஷமாக ஒருவரும் என்னிடம் மூச்சு விடவில்லை. வள்ளத்துக்குச் சொல்லி வைக்கிறேன். சனிக்கிழமை ரயிலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீயும் வா. அந்தத் திரைக்குள்ளே அம்மா வேறென்னவெல்லாம் சொன்னாங்க என்று எனக்குச் சொல்ல வேண்டும்.