என் பயோகேஸ் தொட்டிக்கு வந்த அஜீரணம்

பதற்றம் வந்தால் சிலர் சாப்பிட மாட்டார்கள், சிலர் தூங்க மாட்டார்கள். நான் சும்மா இருக்க மாட்டேன். குடும்பத்துக்கு அதுதான் ஆபத்து.

பொழிச்சலூர் வீட்டு மொட்டைமாடியில் பயோகேஸ் தொட்டி வைத்திருக்கிறேன். சமையலறைக் கழிவைக் கரைத்து ஊற்றினால், காற்றுப் புகாத இருட்டில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று அடுப்புக்குக் கேஸ் தரும். மிச்சம் செடிக்கு உரம். தினம் ஒரு சின்ன வாளிதான் அளவு.

மகள் ஜெனிக்கு இரண்டு வரன் தட்டிப்போய், மூன்றாவதாகப் படப்பையிலிருந்து ஞாயிறு மதியம் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பையனின் அப்பாவிடம் போனில் அளந்துவிட்டேன்: "எங்க வூட்டுக் குப்பையில எரியற அடுப்புலதான் சார் உங்களுக்குக் காபி!"

சொன்ன நிமிஷத்திலிருந்து பதற்றம் பிடித்துக்கொண்டது. கேஸ் போதாவிட்டால்? சனிக்கிழமை பக்கத்து வீட்டு வளைகாப்பில் மிஞ்சிய எலுமிச்சை சாதம், புளி சாதம், தயிர் சாதம் என்று நான்கு வாளி அள்ளிவந்து தொட்டிக்கு ஊட்டினேன். (கர்ப்பிணிகூட அவ்வளவு சாப்பிட்டிருக்க மாட்டாள்.)

ஞாயிறு காலை அடுப்பு பற்றவில்லை. தொட்டி நுரை தள்ளிக்கொண்டிருந்தது. புளித்த வாடை படியிறங்கி வந்து ஹால் சோபாவில் உட்கார்ந்துகொண்டது.

தொட்டி வைத்துக்கொடுத்த மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"அதுவும் வயிறு மாதிரிதான் சார்! அம்மாம் புளிப்பை ஒரே நாள்ல கொட்டினா இன்னா ஆவும்? தீனிய நிறுத்து. புதுச் சாணி கரைச்சு ஊத்து. பத்து நாள்ல சரியாவும்."

"சிலிண்டர்ல காபி போட்டுக்கலாம், பேசாம உக்காருங்க" என்றாள் மனைவி மெர்சி. உட்காருகிற ஆளா நான்?

சாணி கேட்டுப் போன என்னைப் பார்த்து மாட்டுக்கார அக்கா சிரித்தார். "இன்னா சார், சர்ச்சுக்குப் போற ஆளு, வாசல் தெளிக்கவா போறே?"

சாணி வாளியைக் காலிடுக்கில் வைத்து ஸ்கூட்டரில் பறந்தேன். எங்கள் வீட்டுக்குச் சற்று முன்னால் ஒரு கார் குறுக்கே வந்து நின்றது. பிரேக் அடித்தேன். பாதி வாளி என் வெள்ளைச் சட்டையில்; கொஞ்சம் கார் கதவில். கண்ணாடி இறங்கியது.

"எபினேசர் சார் வீடு எதுங்க?"

"நான்தான் சார்" என்றேன்.

பையனின் அம்மா கைக்குட்டையால் மூக்கை மூடினார். வாசலில் நின்ற ஜெனியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மூன்றாவதும் போச்சு.

அப்போது பையன் இறங்கிவந்து வாளியை வாங்கினான். "குடுங்க அங்கிள், சீக்கிரம் மாடில ஊத்திடலாம். காலைலேர்ந்து ஜெனி அழுதுகிட்டே மெசேஜ் பண்றா."

ஜெனி கதவுக்குப் பின்னால் மறைந்தாள். கைக்குட்டையை எடுத்த பையனின் அம்மா, "ஓ, மெசேஜ்! அப்ப நாங்க எதுக்குடா பட்டுப்புடவை கட்டிக்கிட்டு வந்தோம்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க குளிச்சிட்டு வாங்க சார், தேதி பேசலாம்."

காபி சிலிண்டரில்தான் கொதித்தது.

இப்போதும் விருந்தில் மெர்சி இன்னொரு கரண்டி வைக்க வந்தால், மாப்பிள்ளை இலையை இரண்டு கையாலும் மூடிக்கொள்கிறார்: "போதும் அத்தை, அப்புறம் மாமா ஸ்கூட்டர் சாவியைத் தேடுவாரு!"