பங்கர் வாசலின்ர அகலம்

இல்லை இராசையா அண்ணை, கமலாதேவி மனுசனைக் கொல்லப் பாத்தவ எண்டு சந்தியில நிண்டு கதைக்காதேங்கோ. நடந்ததைக் கேளுங்கோ.

அவவின்ர மனுசன் யோகலிங்கம் துறைமுகக் கந்தோரில கிளாக்கர். முதல் வயிறு கந்தோருக்குப் போய்ச் சேரும், பிறகுதான் அவர். பிரசர் ஏறியிட்டுது, வயித்தைக் குறையுங்கோ எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். கடற்கரையில ஓடப் போனார். ஏன் ஓடுறாய், ஆர் துரத்தினது எண்டு காவல் சென்றியில நிண்ட ஆமிக்காரன் அரை மணித்தியாலம் விசாரிச்சான். அதோட ஓட்டம் சரி.

இனி வீட்டு வேலையிலயே பயிற்சி எண்டு கொப்பியில எழுதினார். கிணத்தில இருவது வாளி. மழை எண்டால் பத்து. வெயில் எண்டால் அஞ்சு. கந்தோர் லீவெண்டால் பயிற்சிக்கும் லீவு.

கமலாதேவி மூண்டு மாசமா, குண்டுக்கு ஒளிக்க முத்தத்தில ஒரு பங்கர்க் கிடங்கு வெட்டித் தாங்கோ எண்டு கேட்டவ. சீனன்குடாப் பக்கம் வெடிச்சால் ரெண்டு பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழ ஓடுறது அவதானே. அவருக்கு எப்பவும் முதுகு நோ. கொப்பியைப் பாத்தவ நைசாச் சொன்னா:

"மண்வெட்டி உங்கட பயிற்சிக்குச் சரிவராதப்பா, பாரம். பக்கத்து வீட்டுத் தம்பையாட்டைச் சொல்லுவம்."

விடுவாரோ? காலமை முப்பது வெட்டு, பின்னேரம் முப்பது. ஒவ்வொரு முப்பதுக்கும் ஆறு இடியப்பம் கூட. ஒரு மாசத்தில பங்கர் முடிஞ்சுது, வயிறு அப்பிடியே இருந்துது.

வாசல்தான் மிச்சம். எவ்வளவு அகலம் எண்டு கேட்டார். அவ கையை ஒடுக்கி நிண்டு காட்டினா. "நான் போற அளவு காணும்."

வெட்டுக் குறையுதெண்டு மனுசனுக்குச் சந்தோசம். ஒரு விரலும் கூடாமல் வெட்டினார்.

வியாழக்கிழமை வெடிச்சத்தம். அவவும் பிள்ளையளும் உள்ள போயிட்டினம். இவருக்குக் கால் உள்ள, தலை வெளியில, நடுவில வயிறு இறுகிப்போச்சு. தம்பையா கக்கத்தில பிடிச்சு இழுத்துத்தான் எடுத்தது. அண்டைக்கு அவரின்ர மானத்தைத் தவிர வேறொண்டும் விழேல்லை.

வாசலைப் பெருப்பிக்கோணும், மண்வெட்டி எங்கையெண்டு கத்தினார்.

உள்ளயிருந்து அவ ஆறுதலாச் சொன்னா: "இஞ்ச என்ர பக்கத்திலதான் கிடக்கு. வந்து எடுங்கோ."

இண்டைக்குப் பதினோராம் நாள், மண்வெட்டி இன்னும் பங்கருக்குள்ளதான். இடியப்பம் ரெண்டு. மழையிலயும் இருவது வாளி.

இப்ப சொல்லுங்கோ அண்ணை, அந்த வாசலை வெட்டினது ஆர்? இதே சந்தியில, எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ.