நாளைக்கு எத்தனை சாப்பாடு?

“ஏனுங்க, மிச்சமான ரசத்தை உங்க லேப்டாப்புல ஊத்தி வெக்கட்டுமுங்களா?”

சண்முகப்ரியா மரியாதையாகத்தான் கேட்டாள். அவளுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும் என்பது கல்யாணமான புதிதிலேயே கதிருக்குத் தெரிந்துபோன விஷயம்.

மெஸ்ஸின் சோற்று அண்டாவில் பாதி அப்படியே கிடந்தது. கோழிக் குழம்பை யாரும் தொட்ட மாதிரியே தெரியவில்லை. கருமத்தம்பட்டியில் சனிக்கிழமை விசைத்தறி ஆட்களுக்குச் சம்பள நாள். பழைய பில், மழை, முகூர்த்தம், அமாவாசை எல்லாவற்றையும் போட்டு அலசிய லேப்டாப், கூட்டம் அள்ளும் என்று அடித்துச் சொல்லியிருந்தது.

“கூட்டம் வந்துச்சு பிரியா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருச்சு.”

அந்தப் பக்கம் திருமலைசாமியின் மெஸ். வாசலில் ‘சாப்பாட்டுக்கு முட்டை ஃப்ரீ’ என்று போர்டு வைத்திருந்தார். உள்ளே உட்கார இடமில்லை.

பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனி, எந்த ஊரில் எத்தனை பிஸ்கட் விற்கும் என்று கணிப்பதற்காகவே கதிருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை உதறிவிட்டு வந்து மெஸ் வைத்தவன், போன மாதம்தான் அந்த வித்தையைச் சோற்றிலும் காட்ட ஆரம்பித்தான். அன்று பிடித்தது சனி.

“வர்ற வாரமும் இப்படியே போச்சுன்னா, கம்பெனிக்கு போன் போட்டு வேலை இருக்குதான்னு கேட்டுப்போடுங்க. இங்க நான் பாத்துக்கறனுங்க.”

பெங்களூர் கதிருக்குப் பிடிக்காத ஊரில்லை. பிரியா இல்லாத பெங்களூர்தான் பிடிக்காது.

திங்கட்கிழமை பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின் நிறுத்தம். தறி ஓடாது, ஆள் வராது என்றது லேப்டாப். கதிர் அளவாகச் சமைத்தான். பன்னிரண்டரைக்கே அண்டா காலி. எதிர்மெஸ்ஸோ பூட்டிக் கிடந்தது. சாப்பிட வந்தவர்களெல்லாம் இவன் வாசலில் நின்றார்கள். கொங்கு நாட்டு ஜனம், ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை.

“பரவாயில்லீங்க, எங்களுக்கென்ன அப்படியொண்ணும் பசியில்லீங்க” என்று பசியோடு சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

“நேராச் செஞ்சாத்தானே தப்பாகுது? இனிமே லேப்டாப் சொல்றதுக்குத் தலைகீழாச் செய்யறேன்” என்றான் கதிர்.

“உங்க இஷ்டமுங்க.”

புதன்கிழமை முகூர்த்தம், எல்லோரும் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள், கூட்டம் குறையும் என்றது லேப்டாப். கதிர் வீம்புக்கு அண்டா நிறைய வடித்தான். எதிரே மறுபடியும் முட்டை ஃப்ரீ. இவன் கடையில் ஈதான் சாப்பிட்டது.

வியாழக்கிழமை கூட்டம் எகிறும் என்றது. கதிர் கொஞ்சமாகச் சமைத்தான். எதிர்மெஸ்ஸில் பூட்டு தொங்கியது. கூட்டமான கூட்டம் இங்கே வந்தது. கை கழுவி உட்கார்ந்தவர்களைக்கூட எழுப்பி அனுப்ப வேண்டியதாகிவிட்டது. அதில் ஒருவர் சூலூரிலிருந்து வந்த பிரியாவின் பெரியப்பா.

“மாப்ள, நான் சும்மா உங்களப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தனுங்க” என்று சொல்லிக்கொண்டே வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் பஸ் ஏறினார்.

பிரியா சமையலறைக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதிருக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. நேராகச் செய்தாலும் தப்பு, தலைகீழாகச் செய்தாலும் தப்பு. படித்த படிப்பில் இதற்கு எங்கேயும் பதில் கிடையாது.

சாயங்காலம், மறுநாளைக்கு எத்தனை வாழை இலை வேண்டும் என்று கேட்க வழக்கம்போல ராசப்பன் வந்தார். அந்த ரோட்டிலிருக்கும் மெஸ்களுக்கெல்லாம் இலை போடுகிறவர் அவர்தான்.

“தம்பி, நாளைக்கு எத்தனைங்க?”

“இனிமே என்னையக் கேக்காதீங்கண்ணா. பிரியாவையே கேளுங்க. லேப்டாப்பை மூடிப்போட்டேன். நான் பெங்களூருக்கே போறேன்.”

ராசப்பனுக்கு முகம் வெளிறிவிட்டது.

“ஐயோ, அப்படிச் சொல்லிப்போடாதீங்க தம்பி! அப்பறம் திருமலைசாமி அண்ணனுக்கு நான் என்னத்தைங்க சொல்றது?”

“அவருக்கு எதுக்குங்ணா சொல்லணும்?”

“நீங்க நெறைய இலை சொன்னா முட்டை வாங்கறதும், கம்மியாச் சொன்னாக் கடையப் பூட்டிப்போட்டு மக ஊட்டுக்குப் போறதும், ஒரு மாசமா அவரு பொழப்பே அப்படித்தானுங்க ஓடுது, கம்ப்யூட்டர் சொன்னா ஒருநாளும் தப்பாதுங்கறாருங்க!”