ஒன்பது கிலோவும் உங்கள் தங்கையும்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தங்கள் நலத்தை விசாரித்தால் "நல்லா இருக்கேன்" என்று பொய் சொல்வீர்கள் என்பதால் விசாரிக்கவில்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷின் பக்கத்தில் கிடப்பவரிடம் சம்பிரதாயம் எதற்கு?

சென்ற ஆண்டு உங்கள் தங்கை தன் சிறுநீரகங்களில் ஒன்றைத் தருகிறேன் என்றதும், "ரெண்டு பிள்ளை பெத்தவளை அறுக்க விடமாட்டேன்" என்று நீங்கள் போனை வைத்ததும் நினைவிருக்கும். மறுநாளே அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். ரத்தம், மற்றதெல்லாம் பொருந்தியது. எடைதான் இடித்தது. "எண்பத்தொரு கிலோ இருக்கீங்க. ஒன்பது கிலோ குறைச்சிட்டு வாங்க" என்றார் டாக்டர். எப்படி என்று கேட்டதற்கு, "சாப்பிடறதைவிட செலவாகிறது அதிகமா இருக்கணும், அவ்வளவுதான்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவ்வளவுதான்னா அதோட முடிஞ்சிருக்கணும் மச்சான். ஆனா ஊர்ல ஆளுக்கு ஆள் டாக்டர். அவ வேலை பார்க்கிற லாண்டரியில சூப்பர்வைசரம்மா "காலையில எதையும் தொடாதே"ன்னாங்க. மாடிவீட்டு டீச்சர் "காலையில சாப்பிடாமதான் எல்லாரும் குண்டாகறோம்"னாங்க. ஜிம் மாஸ்டர் நடந்தா பிரயோஜனமில்லை, கனம் தூக்கணும்னார். எலும்பு டாக்டர், கனம் தூக்கினா என்கிட்டதான் வரணும்னார். மருந்துக்கடைக்காரர் ஒரு பொடி கொடுத்தார், டப்பா மேல இருந்த ஆள் இளைச்சுத்தான் இருந்தார், விக்கிறவருக்குத்தான் கல்லாவுக்குப் பின்னால இடம் பத்தலை. போன்ல ஒருத்தர் உருளைக்கிழங்கு விஷம்ங்கறார், அடுத்த வீடியோவுல இன்னொருத்தர் உருளைக்கிழங்கு மட்டுமே தின்னு இருபது கிலோ குறைஞ்சேன்ங்கறார். இவளுக்கு யார் மனசையும் நோகடிக்கத் தெரியாது. எல்லாரும் சொன்னதை ஒரு மாசம் செஞ்சா. முந்நூறு கிராம் கூடிடுச்சு.

எடை மெஷின்லேருந்து இறங்கி நேரா கடைக்குப் போனா. ஒரு நோட்டு வாங்கி, வாயில போறதெல்லாம் எழுத ஆரம்பிச்சா. ரொட்டியை நிறுத்து எழுதுவா, எண்ணெயை ஸ்பூன்ல அளந்து எழுதுவா. ஒருநாள் பிரிச்சுப் பார்த்தேன். "கரண்டியை நக்கினது, பதினஞ்சு கலோரி." யாரும் பார்க்கலையே, இதையுமா எழுதணும்னேன். "நான் பார்த்தேனே"ன்னா. மச்சான், இருபத்தாறு வருஷமா லிப்ட் மெக்கானிக்கா இருக்கேன், சர்வீஸ் ரிஜிஸ்டர்ல இவ்வளவு உண்மை நான் எழுதினதில்லை.

வேலைக்குப் பஸ்ஸை விட்டுட்டு நடந்தா. வீட்டுக்கு அஞ்சு மாடியும் படியேறினா. மெக்கானிக் பொண்டாட்டியே லிப்ட்டை நம்பலைன்னு கட்டடமே படியேற ஆரம்பிச்சு, குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்கிட்ட எழுத்துல விளக்கம் கேட்டார்.

நாலாவது மாசம் மூணு வாரமா எடை அசையவே இல்லை. அப்போ ஒருநாள் மட்டும் துணி மடிச்சுக்கிட்டே அழுதா. விட்டுடலாம்மா, அவரே வேண்டாம்ங்கறார்னேன். "வேண்டாம்னு சொல்றது அண்ணன் வேலை. கேக்காம இருக்கிறது என் வேலை"ன்னு மூக்கைத் துடைச்சுக்கிட்டு, நோட்டை எடுத்து, சாயங்கால டீயில ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கோடு போட்டு அடிச்சா, இனிமே அது கிடையாதுன்னு.

நேத்து எழுபத்திரண்டு. டாக்டர் மெஷினைத் தட்டிப் பார்த்துட்டு மறுபடி ஏறச் சொன்னார். அதே எழுபத்திரண்டு. "எப்படிம்மா?"ன்னார். "நீங்க சொன்னதுதான் டாக்டர். மத்தவங்க சொன்னதை மறக்கத்தான் நாளாச்சு"ன்னா. எனக்குக் கைதட்டணும் போல இருந்துச்சு, வெளியில நோயாளிங்க உட்கார்ந்திருந்ததால அடக்கிக்கிட்டேன்.

ஆகவே மச்சான், பாக்கி உங்கள் சம்மதம் ஒன்றுதான். மறுக்காமல் கையெழுத்துப் போடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்களைவிட உங்கள் தங்கைக்கு அதிகம் பயப்படும்
மாப்பிள்ளை

பி.கு.: அண்ணா, இதைத் தபாலில் போடச் சொல்லி என்கிட்டயே கொடுத்தார், அதுவும் கவரை ஒட்டாமல். இவர் எழுதியிருக்கிறதில் ஒரு வரியையும் நம்பாதே. மூட்டு வலிக்காகத்தான் இளைச்சேன். நீ யோசிக்கவும் வேண்டாம், பதில் எழுதவும் வேண்டாம். ரெண்டு செட் துணியைப் பையில் எடுத்து வை. திங்கட்கிழமை காலையில் கார் வாசலுக்கு வரும், நானும் அதில்தான் இருப்பேன்.